தேடும் இடம் தெரிந்தால்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் ஆசிரியர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசப் பலர் உளர். நமக்கு இடப்பட்ட பணி சிறியது. உயர்நிலைப் பள்ளி இயற்கணிதத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே கைப்பிடி ஒன்று இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறோம். நாம் பெரும் கணித அறிஞர் அல்லோம். பள்ளிக் கணக்கைப் பல்லாண்டு கரும்பலகையில் எழுதியவர்கள். அந்த உரிமையில் பேசுகிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும் வருகின்றன. முப்படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்றைக் காரணிப்படுத்த வேண்டும். ஆசிரியர் கெழுக்களை வரிசையாக எழுதுகிறார். ‘1 என இட்டுப் பார்ப்போம், வரவில்லை. −1 இட்டுப் பார்ப்போம், வரவில்லை. 2 இட்டுப் பார்ப்போம், மீதி பூச்சியம். ஆகவே 2 ஒரு பூச்சியம்’ என்று முடிக்கிறார். கணக்கு முடிந்தது. பின் வரிசையில் இருக்கும் பிள்ளையின் மனத்தில் ஒரு வினா நிற்கிறது: ‘2 என்று இவருக்கு எப்படித் தெரிந்தது?’ துணிந்து கேட்டால், ‘ஊகித்துப் பார்’ என்ற விடை கிடைக்கிறது.

இந்த ‘ஊகம்’ என்ற சொல்லைத்தான் இன்று சற்று ஆராய விரும்புகிறோம். வீட்டில் படித்த அண்ணனோ அக்காளோ உள்ள பிள்ளைக்கு அச்சொல் இடையூறு செய்வதில்லை. இரவில் கேட்டுத் தெளிந்துகொள்கிறது. குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளைக்கோ அது சாத்திய கதவு. மற்றவர்க்குப் பளிச்சென்று தோன்றுவது தனக்குத் தோன்றவில்லை. ஆகவே கணக்கு என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்ற முடிவுக்கு அப்பிள்ளை வந்துவிடுகிறது. அறிவு பிறப்பால் வருவதன்று என்று சொல்லித் தொடங்கப்பட்ட கழகத்தின் வகுப்பறையில் அம்முடிவு முளைக்க இடம் தரலாகாது. எங்கே தேடுவது என்பதற்கு விதி உண்டு. அதனைக் கால்மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அதன் காரணத்தையும், வகுத்தல் அறிந்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கிவிடலாம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 9 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ள ஓர் அட்டை இருக்கிறது. நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள சதுரங்களை வெட்டி எறிந்துவிட்டு, விளிம்புகளை மேலே மடித்தால் மூடியில்லாப் பெட்டி ஒன்று கிடைக்கும். பெட்டியின் கொள்ளளவு 36 கன அங்குலமாக இருக்க வேண்டுமானால், வெட்டும் சதுரத்தின் பக்கம் எவ்வளவு?

இக்கணக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் முழு எண்களை இட்டுப் பார்ப்பார்கள். 1 அங்குலம் வெட்டினால் நீளம் 7, அகலம் 5, உயரம் 1, கொள்ளளவு 35. 2 அங்குலம் வெட்டினால் 5, 3, 2, கொள்ளளவு 30. 3 அங்குலம் வெட்டினால் 3, 1, 3, கொள்ளளவு 9. அதற்குமேல் முழு எண்ணாக வெட்ட அட்டையில் இடமில்லை. 36 வரவே இல்லை. ‘விடை இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போவார்கள். அவர்களது உழைப்பில் குறை ஒன்றும் இல்லை. எந்த எண்கள் தேர்வுக்கு உரியவை என்பதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வெட்டும் பக்கத்தை ‘ய’ என்று குறிப்போம். நீளம் 9 − 2ய, அகலம் 7 − 2ய, உயரம் ய. மூன்றையும் பெருக்கி 36-க்குச் சமப்படுத்தி, ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் கிடைப்பது:

4ய³ − 32ய² + 63ய − 36 = 0

இனி விதியைச் சொல்வோம். பல்லுறுப்புக் கோவையின் கெழுக்கள் யாவும் முழு எண்களாக இருக்கட்டும். அதன் பூச்சியம் ஒன்று பின்ன எண்ணாக, அதாவது விகிதமுறு எண்ணாக இருந்து, அப்பின்னம் சுருங்கிய வடிவில் எழுதப்பட்டால், அதன் தொகுதி மாறிலி உறுப்பை மீதியின்றி வகுக்கும். அதன் பகுதி உயர்ந்த படியின் கெழுவை மீதியின்றி வகுக்கும். முழு எண்ணும் பகுதி 1 ஆக உள்ள பின்னமே ஆதலால் அதுவும் இவ்விதிக்குள் அடங்கும். மேனிலை வகுப்புப் பாடநூலில் ‘விகிதமுறு மூலத் தேற்றம்’ என்ற பெயரில் வருவது இதுவே.

நம் கணக்கில் மாறிலி உறுப்பு 36. அதனை வகுப்பவை 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. தலையாய கெழு 4. அதனை வகுப்பவை 1, 2, 4. முன்னவற்றைத் தொகுதியாகவும் பின்னவற்றைப் பகுதியாகவும் வைத்துப் பின்னங்கள் எழுதி, சுருக்கியபின் ஒன்றாகிவிடுபவற்றை ஒருமுறை மட்டும் கொள்வோம். முழு எண்களாக ஒன்பதும், 1/2, 3/2, 9/2 என மூன்றும், 1/4, 3/4, 9/4 என மூன்றும் ஆக மொத்தம் 15. மிகைக்குறியும் குறைக்குறியும் சேர்த்தால் 30. எண்களின் பெருங்கடலிலிருந்து முப்பது எண்கள் மட்டும் கொண்ட ஒரு பட்டியல் நம் கைக்கு வந்துவிட்டது. விகிதமுறு விடை இருந்தால் அது இம்முப்பதுக்குள்தான் இருக்கும்.

இப்பட்டியலை மேலும் குறைக்கலாம். குறை எண் ஒன்றை ‘ய’ என இட்டால் 4ய³, −32ய², 63ய, −36 ஆகிய நான்கு உறுப்புகளுமே குறை எண்களாகும். கூட்டுத்தொகை பூச்சியமாக வழியில்லை. பதினைந்து நீங்கின. அட்டையின் அகலம் 7 அங்குலமே ஆதலால் வெட்டு 3½ அங்குலத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும். எஞ்சியவை 1/4, 1/2, 3/4, 1, 3/2, 2, 9/4, 3 என்ற எட்டே எட்டு. இவற்றில் 1, 2, 3 ஆகியவற்றை முன்பே பார்த்துவிட்டோம். மிஞ்சியவை ஐந்து. 1 அங்குலத்தில் 35, 2 அங்குலத்தில் 30 எனக் கண்டோம் அல்லவா? இரண்டிற்கும் இடைப்பட்ட 3/2-ஐ முதலில் சோதிப்பது முறை.

கெழுக்கள் 4, −32, 63, −36. தொகுமுறை வகுத்தலில் 4-ஐ அப்படியே இறக்குக. 4-ஐ 3/2-ஆல் பெருக்க 6. −32-உடன் கூட்ட −26. அதனை 3/2-ஆல் பெருக்க −39. 63-உடன் கூட்ட 24. அதனை 3/2-ஆல் பெருக்க 36. −36-உடன் கூட்டப் பூச்சியம். விடை கிடைத்துவிட்டது. ஒன்றரை அங்குலம் வெட்டினால் நீளம் 6, அகலம் 4, உயரம் 1½, பெருக்கினால் 36. ‘விடை இல்லை’ என்று பிள்ளைகள் விட்டுச்சென்ற கணக்கிற்கு, அரை அங்குலம் தள்ளி விடை காத்திருந்தது.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஈவில் எஞ்சியது 4ய² − 26ய + 24. 2-ஆல் வகுத்தால் 2ய² − 13ய + 12. இருபடிச் சூத்திரத்தின்படி இதன் பூச்சியங்கள் (13 + √73)/4, (13 − √73)/4. முன்னது 5.386 அளவில் வருவதால் அட்டைக்குப் பொருந்தாது. பின்னது பொருந்தும். ஆகவே வெட்டுவதற்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று நம் பட்டியலில் இருந்தது, மற்றது இல்லை. ஏனெனில் √73 விகிதமுறா எண். இப்பட்டியல் விகிதமுறு பூச்சியங்களுக்கு மட்டுமே உரியது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. ஒன்றைப் பட்டியலில் கண்டுபிடித்தால் படி ஒன்று குறைகிறது. மீந்ததை வேறு வழியில் பிடிக்கலாம். அதுவே இதன் பயன்.

‘கைபேசியில் அழுத்தினால் விடை வந்துவிடுகிறதே, பட்டியல் எதற்கு?’ என்று இக்காலப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான வினா. இரண்டாம் விடையைக் கணிப்பானில் போட்டு, ஐந்து தசம இடங்களுக்குத் திருத்திப் பாருங்கள், 1.11400 என்று காட்டும். யாரும் அதனை 1.114 என்றே எழுதிவிடுவர். 1.114 என்பது சுருங்கிய வடிவில் 557/500. நம் விதி என்ன சொல்கிறது? பகுதி 4-ஐ வகுக்க வேண்டும், 500 வகுக்காது. ஆகவே 1.114 சரியான விடையாக இருக்கவே முடியாது. அது விடைக்கு மிக அருகில் உள்ள எண், அவ்வளவே. கருவி காட்டிய எண் முழு உண்மையா, கிட்டத்தட்ட உண்மையா என்று பிரித்தறிய எளிய விதி ஒன்று போதுமானதாக இருக்கிறது. பிறர் சொல்வதைச் சோதித்து ஏற்கும் ஆற்றல் என்பது இதுதான்.

இனிக் காரணத்திற்கு வருவோம். காரணம் சொல்லாத விதி கட்டளையாகிவிடும். நம் பிள்ளைகளுக்குக் கட்டளை போதும்; காரணம் வேண்டும்.

முப்படிக் கோவை ஒன்றின் முழு எண் கெழுக்களை அ, ஆ, இ, ஈ என்று கொள்வோம். அதன் பூச்சியம் த/ப என்ற சுருங்கிய பின்னம். தொகுதிக்குத் ‘த’, பகுதிக்குப் ‘ப’. இதனைக் கோவையில் இட்டு, பின்னங்கள் நீங்க ப³-ஆல் பெருக்கினால் கிடைப்பது:

அ·த³ + ஆ·த²·ப + இ·த·ப² + ஈ·ப³ = 0

முதல் மூன்று உறுப்புகளைப் பாருங்கள். மூன்றிலும் ‘த’ காரணியாக இருக்கிறது. நான்கின் கூட்டுத்தொகை பூச்சியம் ஆதலால் நான்காவதான ஈ·ப³ என்பதும் த-ஆல் வகுபட்டே தீர வேண்டும். பின்னம் சுருங்கிய வடிவில் உள்ளமையால் த-வுக்கும் ப-வுக்கும் 1 தவிரப் பொதுக் காரணி இல்லை; ப-வை எத்தனை முறை பெருக்கினாலும் த-வின் பகாக் காரணி எதுவும் அதில் புகாது. ஆகவே த வகுக்க வேண்டியது ஈ என்ற மாறிலியையே. இவ்வாறே கடைசி மூன்று உறுப்புகளிலும் ‘ப’ இருக்கிறது. ஆகவே அ·த³ என்பது ப-ஆல் வகுபட வேண்டும். ஆகவே ப வகுக்க வேண்டியது அ என்ற தலையாய கெழுவை. நிறுவல் முடிந்தது. படி எத்தனை உயர்ந்தாலும் இதே வாதம் செல்லும். இதில் எட்டாம் வகுப்புப் பிள்ளை அறியாத செய்தி எதுவும் இல்லை.

ஆசிரியர்கள் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லித்தர வேண்டுகிறோம். முதலாவது, கெழுக்களில் பின்னம் இருந்தால் மீச்சிறு பொது மடங்கால் பெருக்கி முழு எண்களாக்கிய பின்னரே பட்டியல் எழுத வேண்டும். இரண்டாவது, மாறிலி உறுப்பு இல்லாத கோவையில் பூச்சியமே ஒரு பூச்சியம். ‘ய’வை வெளியே எடுத்துவிட்டு, மீந்ததற்கே விதியைப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, பட்டியலில் உள்ளவை யாவும் விடைகள் என்று கொள்ளலாகாது. இதனை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் உடனே விளங்கிக்கொள்வார்கள். பட்டியலில் பெயர் உள்ளோர் எல்லாரும் வாக்களித்தனர் என்பதில்லை. ஆனால் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது.

அப்பட்டியல் முழுவதையும் சோதித்தும் ஒன்றும் தேறவில்லையென்றால் உழைப்பு வீணா? இல்லை. அதுவே ஒரு கண்டுபிடிப்பு. ய² − 2 என்ற சிறு கோவையை எடுத்துக்கொள்க. பட்டியல் 1, −1, 2, −2. இட்டுப் பார்த்தால் −1, −1, 2, 2 என வருகின்றன, பூச்சியம் வரவில்லை. ஆகவே ய² − 2 என்பதற்கு விகிதமுறு பூச்சியம் இல்லை. √2 எந்தப் பின்னத்திற்கும் சமமாகாது என்பதை நான்கு சோதனைகளில் நிறுவிவிட்டோம்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. அளவுக் குறியில்லாக் கோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சமகூறாக்க வழியுண்டா என்பது பண்டைக் கிரேக்கர் விட்டுச்சென்ற வினா. 60° கோணத்தை மூன்றாக்கினால் 20°. கோசைன் 20° என்பதன் இருமடங்கை ‘ய’ என்று கொண்டால், முக்கோணவியல் வாய்பாட்டின்படி ய³ − 3ய − 1 = 0 என்று வரும். பட்டியலில் இருப்பவை 1, −1 இரண்டே. இட்டால் −3, 1 வருகின்றன, பூச்சியம் இல்லை. விகிதமுறு பூச்சியம் இல்லாத முப்படிச் சமன்பாட்டின் மூலத்தைக் கோலாலும் கவராயத்தாலும் வரைய முடியாது என்பதைப் பிரெஞ்சுக் கணிதர் பியேர் வான்ட்செல் 1837-இல் நிறுவினார். ஈராயிரம் ஆண்டுகளாகப் பலர் முயன்ற ஒன்று இயலாதது என்று அதனால் உறுதியாயிற்று. அந்த நிறுவலின் ஒரு படியை நம் மாணவர் இரண்டு வரியில் செய்துவிடலாம்.

இம்முறைக்கும் வரலாறு உண்டு. கடைசி உறுப்பை வகுக்கும் எண்களைக் கொண்டு சமன்பாட்டைச் சோதிக்கும் வழியை டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலில் சொல்லியிருக்கிறார். முப்படிச் சமன்பாட்டின் பொதுத் தீர்வு 1545-இல் கார்டானோவின் நூலில் வெளிவந்தது. ஐந்தாம் படிக்கும் அதற்கு மேலும் அத்தகைய பொதுச் சூத்திரம் அமையாது என்று நார்வே நாட்டு ஏபெல் 1824-இல் காட்டினார். சூத்திரம் கைவிட்ட இடத்திலும் நம் பட்டியல் கைவிடுவதில்லை. எத்தனையாம் படியாயினும் விகிதமுறு பூச்சியம் இருந்தால் அது அகப்பட்டே தீரும். நாம் தொகுமுறை வகுத்தல் என்று கற்பிப்பதோ பல நாடுகளில் ஹார்னர் பெயரால் வழங்குகிறது. 1819-இல் தம் முறையை வெளியிட்ட அவர் இங்கிலாந்தில் பள்ளி நடத்திய ஆசிரியர். அவ்வகைக் கணிப்பைச் சீன அறிஞர் சின் சியுஷாவோ 1247-ஆம் ஆண்டு நூலிலேயே கையாண்டிருக்கிறார். அறிவு ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ ஒரு குலத்துக்கோ பட்டா எழுதிக்கொடுக்கப்பட்ட நிலம் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஊகித்துப் பார்’ என்ற சொல்லை நாளை முதல் கைவிடுவோம். அதற்கு மாற்றாகப் ‘பட்டியல் எழுது’ என்போம். கரும்பலகையின் ஓரத்தில் வகுத்திகளை எழுதி, பின்னங்களை எழுதி, எவற்றை ஏன் நீக்குகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்வோம். ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் பின் வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியரின் மனம் எவ்வாறு வேலை செய்தது என்பது தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின், அது தன்னாலும் செய்யக்கூடியதே என்று அப்பிள்ளை காண்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். ஒரு விடை எப்படி வந்தது என்று விளங்காதபோது, விளங்கவில்லை என்று எழுந்து நின்று கேளுங்கள். விரைவாக விடை சொல்பவர்கள் எல்லாம் உங்களினும் அறிவாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குத் தேடும் இடம் முன்பே சொல்லப்பட்டிருக்கலாம். உங்களுக்கும் இன்று சொல்லப்பட்டுவிட்டது. பெற்றோர்களே, இக்கணக்கு உங்களுக்கு விளங்கவில்லையெனினும் கவலை வேண்டா. இரவில் பிள்ளையை அருகில் அமர்த்தி, ‘இந்த எண்ணை ஏன் எடுத்தாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை எந்தத் தேர்வுக்கும் அஞ்சாது.

கழகம் இன்று 25 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. அடுத்து வரும் ஆண்டுகளில் நம் மாலை வகுப்புகளில் காரணம் சொல்லப்படாத கணக்கு ஒன்றுகூட இராதபடி பார்த்துக்கொள்வோமாக.